மடக்கிய கை

மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. முத்துக்கனி தேங்காய் எண்ணெயைத் தொட்டு அதன் ஓரத்தில் தடவி, நகத்தால் மெல்ல நெம்பினாள். உயிரோடு இருந்தவரை இதை எடுக்கும்போதெல்லாம் மாரிராஜ் முகத்தைச் சுளிப்பான். இப்போது சுளிக்கவில்லை. அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான். ஏழு மாதம் ஒருத்தி இந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் கிடந்திருக்கிறாள். போகும்போது அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் இந்த மனுஷனுக்கு?

பிளாஸ்திரி வந்தது. கூடவே குழாயையும் உருவினாள். மூக்கு வழியாக உள்ளே போய் வயிற்றில் இறங்கியிருந்த குழாய். அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிறகு துவைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டை எடுத்து, மூக்குக்குக் கீழிருந்து கழுத்து வரைக்கும் மூடி, இரண்டு ஓரத்தையும் தலையணைக்கு அடியில் செருகினாள். அவன் உயிரோடு இருந்தபோதே அப்படித்தான். துண்டு இல்லாமல் மகள் முகத்தில்கூட விழிக்க மாட்டான்.

"அம்மா, பெரியப்பா ஆத்தூர்ல இருந்து கெளம்பிட்டாங்களாம். வேன் பிடிச்சு எல்லாரும் வாராங்களாம்." சரண்யா கதவோரம் நின்று சொன்னாள். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவள். அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது.

"வரட்டும். ஏழு மாசமா எட்டிப் பாக்காதவுக, இன்னைக்கு வேன் பிடிச்சுல்லா வருவாக. எழவுன்னா உங்க பெரியப்பாவுக்குக் காலு தானா நடக்கும்."

"மெதுவாம்மா. வெளியில ஆளுக நிக்காங்க."

"நிக்கட்டுமே. கேக்கட்டும்."

உயிர் போய் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. காலை ஆறு மணிக்கு வழக்கம்போலக் கஞ்சி கொடுக்க உட்கார்ந்தாள். அரிசியும் சிறுபயறும் கேரட்டும் குழைய வேகவைத்து, மிக்சியில் அடித்து, வடிகட்டியில் இரண்டு தடவை வடித்த கஞ்சி. ஒரு பருக்கை தங்கினாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். பெரிய சிரிஞ்சில் ஊற்றிக் கையை உயர்த்திப் பிடித்தாள். முதல் சிரிஞ்சு இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவது பாதியில் இருக்கும்போது மாரிராஜ் போர்வைக்கு வெளியே கையை எடுத்து முஷ்டியை மடக்கினான்.

"இன்னும் ரெண்டு இருக்கு," என்றாள்.

அவன் முஷ்டியை இறக்கவில்லை.

"நாலு மணிக்கு எந்திரிச்சு இதை வேகவச்சு அரைச்சிருக்கேன். உங்களுக்கு வெளையாட்டா இருக்கு, என்ன?"

எரிச்சலோடுதான் சிரிஞ்சைத் தாழ்த்தினாள். அவன் மூச்சை இரண்டு முறை இழுத்தான். மூன்றாவது வரவில்லை. அவனிடம் அவள் கடைசியாகச் சொன்னது அந்த வார்த்தைதான். மடங்கியிருந்த விரல்களைப் பிறகு அவளே ஒவ்வொன்றாக விரித்து நீட்டினாள்.

மாரிராஜ் ஹார்பரில் சிக்னல்மேன். கப்பலின் மேல்தளத்தில், சரக்கு கிடக்கும் பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கை காட்டுகிற வேலை. மேலே உட்கார்ந்திருப்பவனுக்குப் பள்ளத்துக்குள் நடப்பது தெரியாது. கை காட்டுகிறவன்தான் அவனுக்குக் கண். ஆட்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. முஷ்டியை மடக்கினால் நிறுத்து. இருபத்தோரு வருஷம் மரத்தடியும் இயந்திரமும் அந்த விரல் சொன்னபடி ஏறி இறங்கியிருக்கின்றன. ஒரு ஆளுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை என்று அவனுக்கு ஒரு கர்வம் உண்டு.

இடது கன்னத்துக்குள் வந்த புற்று தாடையைப் பூட்டிப் பேச்சைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, ஹார்பரில் காட்டின அதே கையை வீட்டில் காட்ட ஆரம்பித்தான். தலைமாட்டை உயர்த்த ஒரு விரல், தாழ்த்த ஒரு விரல். சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தால் கஞ்சி வேகமாக இறங்கும், தாழ்த்தினால் மெதுவாக இறங்கும். அதற்கும் அவன் விரல்தான். முத்துக்கனி கிரேனாகிப் போனாள். மற்றதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் காட்டுவான்.

அந்த நோட்டில் ஒரு நாள் எழுதினான். 'தூக்கச் சொல்ல ஒருத்தன்தான் கை காட்டணும். ரெண்டு பேரு காட்டினா ஆள் செத்தான். ஆனா நிப்பாட்டச் சொல்லி யாரும் கை காட்டலாம். டீ கொண்டு வாரவன் கை மடக்கினாலும் கிரேன் நிக்கணும். அதான் ஹார்பர் சட்டம்.'

அதை அவள் இரண்டு தடவை படித்தாள். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள். வாய் கேட்டுவிட்டது.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில உங்க அண்ணன் பேசினப்ப நான் நிப்பாட்டிருந்தா, நின்னிருப்பீங்களா?"

அவன் நோட்டை மடியில் இழுத்து வைத்தான். பிறகு ஒரே ஒரு வார்த்தை எழுதினான். 'நின்னிருப்பேன்.'

பாவி மனுஷன், இல்லை என்று ஒரு பொய் எழுதியிருக்கலாம். நோட்டைப் பிடுங்கிச் சுவரில் எறிந்துவிட்டு அடுப்படிக்குப் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு மத்தியானம் அவன் கையையும் அவள் பார்க்கவில்லை. பார்க்காமலே கஞ்சியை ஊற்றினாள்.

அந்த ஆஸ்பத்திரி நாளை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது அடைக்கும். கன்னத்துக்குள் ஒரு புண், காசு அளவுதான். வாய்ப்புண், சூடு என்று மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் கொடுத்து மூன்று வாரம் ஓட்டிவிட்டுப் போனார்கள். பெரிய டாக்டர் சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் வளைத்துப் பேசவில்லை. புற்றுதான், சின்னதாக இருக்கிறது, வருகிற வியாழக்கிழமையே வெட்டி எடுத்துவிடலாம், பிழைத்துக்கொள்வார் என்றார். போயிலையையும் பாக்கையும் இனிமேல் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்றார்.

வெற்றிலை அண்ணன் பேச்சிமுத்துவின் கொடிக்காலில் இருந்து வாரா வாரம் வரும். போயிலை முக்குக் கடையில் வாங்குவது. சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, போயிலையைக் கிள்ளிப் போட்டு மடித்து, வேலைக்குப் போகும்போது டப்பாவில் அடுக்கிக் கொடுப்பது முத்துக்கனி. கல்யாணமான புதிதில் ஆசையாக ஆரம்பித்த வேலை. டாக்டர் அதைச் சொன்னபோது அவள் தன் விரல்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

டாக்டர் அறைக்கு வெளியே, வராந்தாவில் வைத்துத்தான் பேச்சிமுத்து பேசினார். அவர் வாயைத் திறந்தால் அந்தக் குடும்பத்தில் மற்றவர்களுக்கு வாய் கிடையாது.

"கத்தி பட்டா பரவிரும்லே. நம்ம மாமாவுக்குக் கத்தி வச்சான், என்ன ஆச்சு? மூணாம் மாசம் எடுத்துட்டுப் போனோம். மலையடிவாரத்துல ஒரு வைத்தியர் இருக்காரு. பச்சிலைதான். நாலே மாசத்துல புண்ணு இருந்த எடம் தெரியாது."

"டாக்டர் வியாழக்கெழமைன்னு சொல்லுதாரே அத்தான். சின்னதா இருக்கையிலேயே எடுத்துறணும்னு..." புருஷனின் அண்ணனிடம் முத்துக்கனி இழுத்தாள்.

"நீ சும்மா இரு. நான் அவன்கூடப் பொறந்தவன். எனக்கு இல்லாத அக்கறையா உனக்கு?"

சும்மா இருந்தாள். அதுதான் அவள் செய்தது. மாரிராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். மூன்று பேரும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வியாழக்கிழமை வந்தது, போனது. நாலு மாதம் பச்சை நிறத்தில் ஒரு கஷாயத்தைக் கொப்பளித்துத் துப்பினான். நாலாம் மாதம் புண் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. திரும்பப் போனபோது டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "எங்கம்மா போயிருந்தீங்க இத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார். அதைக் கேட்க அண்ணன் பக்கத்தில் இல்லை. புண்ணுக்குக் கதிர்வீச்சுக் கரண்டு வைத்தபோதும் இல்லை, மூக்கில் குழாய் மாட்டினபோதும் இல்லை. போனில் மட்டும் சொல்வார்: "எனக்குப் பாக்க மனசு தாங்காது தாயி."

அவருக்கு மனசு தாங்காதாம். தாங்குகிற மனசெல்லாம் முத்துக்கனிக்கு மட்டும் யார் கொடுத்து வைத்திருந்தார்கள்?

எட்டரைக்கு வேன் வந்துவிட்டது. பேச்சிமுத்து தெருமுனையிலேயே இறங்கி மார்பில் அடித்துக்கொண்டு வந்தார். "ஏலே மாரி! ஏலே என் தம்பி! என்னை விட்டுட்டுப் போயிட்டியலே!" குரல் அந்தத் தெருவைத் தூக்கியது. அவர் மனைவி சங்கரம்மாள் முத்துக்கனியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். முத்துக்கனி மரம் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பேச்சிமுத்து தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகை பொய்யில்லை, கண்ணீர் சட்டையை நனைத்தது. ஆனால் அத்தனை அழுகையிலும் அவர் கண் காலை விட்டு மேலே ஏறவில்லை என்பதை முத்துக்கனி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கிவிட்டார். பந்தல் போடுகிறவனுக்குப் போன், நாற்காலிக்குப் போன், சடங்கு செய்கிறவருக்குப் போன். மூன்று மணிக்குக் குளிப்பாட்ட நீர்மாலை, நாலு மணிக்கு எடுப்பது. எல்லாம் அவரே முடிவு செய்தார். பத்து மணி வாக்கில் முத்துக்கனி வாசல் பக்கம் பார்த்தாள். பந்தலுக்குக் கீழே ஸ்டூலில் ஒரு தாம்பாளம். அதில் ஆத்தூர் வெற்றிலை பச்சைப் பசேலென்று அடுக்கியிருந்தது. பாக்கு. ஒரு கிண்ணத்தில் போயிலை. வந்தவர்கள் எடுத்து மடித்து வாயில் அதக்கிக்கொண்டு, செத்தவன் எவ்வளவு நல்லவன் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்தாள். யாரும் தடுக்கும் முன் வெளியே போய், தாம்பாளத்தைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். காலித் தாம்பாளத்தை அதே ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். மென்றுகொண்டிருந்த வாய்கள் அப்படியே நின்றன.

"விடுங்க, விடுங்க. துக்கத்துல இருக்கா," என்றார் பேச்சிமுத்து.

பெண்பிள்ளை துக்கத்தில் என்ன செய்தாலும் ஊர் பொறுத்துக்கொள்ளும். அது ஒரு வசதி. அந்த வசதி இன்னும் எத்தனை மணி நேரத்துக்குத் தாங்கும் என்று முத்துக்கனி கணக்குப் போட்டாள். ஏனென்றால் அவளுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது.

நோட்டின் கடைசிப் பக்கம். போன மாதம் எழுதியது. 'நான் போனப்புறம் எவனும் எனக்கு வாய்க்கரிசி போடக் கூடாது. ஒரு வாய் சோறு திங்க முடியாம கெடந்து சாகுதேன். செத்தப்புறம் வரிசையில வந்து வாயில அரிசி போட்டா அது என்னைக் கேலி பண்ணுத மாதிரி. நீ பாத்துக்கோ.' சாளை மீன் குழம்பு வைத்த நாளில் சட்டியை வழித்து அதிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்கிறவன். அவன் எழுதின எழுத்து. 'பாத்துக்கிடுதேன்,' என்று அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பேச்சிமுத்துவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிப் படித்தார். சங்கரம்மாளும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சீக்காளி வெறுப்புல எழுதுனது, இதைப் பெருசா எடுத்துக்கிட்டு," என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "வாய்க்கரிசி இல்லாம அனுப்ப அவன் என்ன அனாதையா? அண்ணன் நான் ஒருத்தன் இருக்கேன்லா."

"ஏளா, பசியோட அனுப்பக் கூடாதுளா. ஆத்துமா அலையும்," என்றாள் சங்கரம்மாள்.

"ஏழு மாசம் பசியோடதான்க்கா கெடந்தாக. அப்ப யாரும் அலையலையே."

பேச்சிமுத்துவுக்கு முகம் கறுத்தது. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் அழுத்தினார். "பாரு தாயி. ஆம்பளப் பிள்ளை இல்லாத வீடு. கொள்ளி வைக்கிறது நான். வாய்க்கரிசி போடாத பொணத்துக்கு நான் கொள்ளிச்சட்டி எடுக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். ஊரு சனத்துக்கு முன்னால என் தம்பிய அசிங்கப்படுத்தாதே." பிறகு கொஞ்சம் இறங்கி, "முகத்துல இருக்க துண்டை யாரும் எடுக்க வேண்டாம். துண்டுக்கு மேலேயே போட்டுருவோம். சரிதானா?" என்றார்.

அவள் நோட்டை மூடினாள். தலையைக் குனிந்துகொண்டு நோட்டோடு உள்ளே வந்தாள். சரி என்று எடுத்துக்கொண்டார் அவர். அந்த வீட்டில் அவள் மௌனத்துக்கு எப்போதும் அதுதான் அர்த்தம்.

மத்தியானம் ஹார்பர் ஆட்கள் வந்தார்கள். இருபது பேர் இருக்கும். ஷிஃப்ட் முடிந்த கையோடு, முதுகில் கோடு மினுங்கும் மஞ்சள் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்கள். பர்னபாஸ் முன்னால் வந்தான். மாரிராஜ் கை காட்ட, பதினான்கு வருஷம் கிரேன் ஓட்டியவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக இங்கே வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஹார்பர் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவான். ஏழு மாதமும் ஒரு ஞாயிறுகூட தவறினதில்லை. மாலையை வைத்துவிட்டு மாரிராஜின் வலது கையைத் தொட்டுப் பார்த்தான்.

"அங்கன நிக்கேன் மைனி," என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான்.

மூன்று மணிக்கு நீர்மாலை எடுத்து வந்தார்கள். குளிப்பாட்டும்போதும் துண்டை எடுக்க முத்துக்கனி விடவில்லை. துண்டுக்குக் கீழே அவளே ஈரத் துணியால் துடைத்தாள். அவள் பிறந்த வீட்டில் இருந்து கோடித் துணி வந்தது, போர்த்தினார்கள். உடலை வாசல் பெஞ்சுக்குக் கொண்டு வந்தார்கள். சங்கு ஊதியது. சடங்கு செய்கிறவர் ஒரு தட்டில் பச்சரிசியை வைத்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"வாய்க்கரிசி போடுறவுக எல்லாம் வாங்க. மொதல்ல கூடப்பொறந்தவுக."

பேச்சிமுத்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். பின்னால் வரிசை சேர்ந்தது. சித்தப்பா மக்கள், மாமா மக்கள், ஒரு நாள் ஒரு போன் பண்ணாதவர்கள், ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, கடிக்க வாயில்லாதவனின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனவர்கள். பேச்சிமுத்து அரிசியைக் கை நிறைய அள்ளினார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

முத்துக்கனி தலைமாட்டில் நின்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற அதே கால்கள்தான். கத்த வேண்டும் என்று நினைத்தாள், வாய் வரவில்லை. சும்மா இருந்தே பழகின வாய். ஆனால் கை மேலே போனது. தலைக்கு மேலே, தெரு முழுக்கத் தெரிகிற மாதிரி, முஷ்டியை மடக்கி நீட்டினாள்.

சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மாரடிக்கத்தான் கையைத் தூக்குகிறாள் என்று நினைத்தார்கள். பந்தலுக்கு அந்தப் பக்கம் இருபது பேருக்குப் புரிந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பர்னபாஸ் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்து பேச்சிமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நிப்பாட்டுங்க அண்ணாச்சி."

பேச்சிமுத்து கண்ணைத் திறந்தார். "கையை விடுலே. யாருலே நீ? எங்க வீட்டுச் சடங்குல உனக்கு என்ன சோலி?"

"எனக்கு ஒரு சோலியும் இல்ல. மைனி கை மடக்கிருக்காங்க. மடக்குனா நிக்கணும். யாரு மடக்குனாலும் நிக்கணும்."

"என்னளா இது கூத்து?" பேச்சிமுத்து முத்துக்கனியிடம் திரும்பினார். "என் தம்பிக்கு ஒரு பிடி அரிசி போட எனக்கு உரிமை இல்லையா?"

முத்துக்கனி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எங்க போடுவீங்க அத்தான்? எந்த வாயில போடுவீங்க? இங்கன வாங்க. பாத்துட்டுப் போடுங்க."

ஊருக்கே காட்ட அவளுக்கு மனசில்லை. அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி உடம்பால் மறைத்துக்கொண்டு, துண்டின் ஓரத்தை இடது பக்கம் ஒரு சாண் தூக்கிப் பிடித்தாள்.

பேச்சிமுத்து பார்த்தார். பதினொரு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த முகம்தான் அவர் மனசில் இருந்திருக்கும். பார்த்த கண்ணை எடுக்க முடியாமல் நின்றார்.

"இம்புட்டு ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாதே தாயி."

"தெரியாது. வந்து பாத்தாத்தான தெரியும்? அன்னைக்கு இது காசளவு இருந்துச்சு. வியாழக்கெழமை எடுத்துறேன்னு டாக்டர் சொன்னாரு. கத்தி பட்டா பரவிரும்னீங்க. கத்தி படவே இல்ல அத்தான். பாத்துக்கோங்க, எம்புட்டுப் பரவிருக்குன்னு."

"நான் என் தம்பிக்குக் கெட்டதா நெனச்சேன்?"

"நல்லதுதான் நெனச்சீங்க. நீங்க நல்லது நெனச்சீங்கன்னுதான் ஒருத்தரும் எதிர்த்துக் கேக்கல. நானும் கேக்கல. நான் கேட்டிருக்கணும். அதுக்கு நான் சாகுத மட்டும் அழுதுக்கிடுதேன், அது என் பாடு. இந்த அரிசி மட்டும் விழக் கூடாது. விட மாட்டேன். கொள்ளி வைக்க மாட்டேன்னா போங்க, நானும் என் மகளும் பாத்துக்கிடுதோம்."

துண்டை மறுபடி இழுத்து மூடிச் செருகினாள். சங்கு ஊதுகிறவன் சங்கை வாயில் வைத்தபடியே நின்றான். வரிசையில் நின்றவர்களில் பின்னால் இருந்த இரண்டு பேர் மெல்ல நகர்ந்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள்.

பேச்சிமுத்துவின் கை அரிசியோடு அந்தரத்தில் நின்றது. பர்னபாஸ் பிடியை விட்டுவிட்டான். பிறகு அவர் அந்தக் கையைத் தட்டுக்கு மேலே கொண்டு போய் விரித்தார். அரிசி விழுந்தது. உள்ளங்கை வேர்வையில் ஒட்டிக்கொண்ட நாலைந்து மணிகளை மறு கையால் தட்டிவிட்டார்.

"எடுத்துட்டுப் போப்பா," என்று சடங்கு செய்கிறவரிடம் தட்டைக் காட்டினார். தன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தெருவோரம் புகைந்துகொண்டிருந்த கொள்ளிச்சட்டியைப் போய் எடுத்தார். முத்துக்கனி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்பு கேட்டாலும் கொடுக்க அவளிடம் இல்லை. அவர் கேட்கவுமில்லை.

பாடையில் கிடத்திக் கட்டினார்கள். ஹார்பர் ஆட்கள் நாலு பக்கமும் குனிந்தார்கள். தலைப்பக்கம் வலது கம்பு பர்னபாஸ் தோளுக்கு. சரண்யா அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். சங்கரம்மாள் அவளைப் பிரித்தெடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். முத்துக்கனி படியில் வந்து நின்றாள்.

"தூக்குங்கப்பா," என்றார் சடங்கு செய்கிறவர்.

யாரும் தூக்கவில்லை.

"நேரம் ஆகுது, தூக்குங்கப்பா!" பந்தலில் இருந்து வேறு யாரோ சத்தம் போட்டார்கள். இன்னொருவர், "ம்ம், தூக்கு தூக்கு," என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

பர்னபாஸ் கம்பைப் பிடித்துக் குனிந்தபடியே தலையைத் திருப்பிப் படியைப் பார்த்தான். மற்ற மூன்று பேரும் அவள் பக்கம் பார்த்தார்கள்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு வலது கையை முழங்கையில் மடித்து உயர்த்தினாள். ஆட்காட்டி விரலை மேலே நீட்டி, சின்னதாக, மெதுவாகச் சுழற்றினாள். பாடை நாலு பக்கமும் ஒரே மட்டமாக எழுந்தது. ஒரு பக்கமும் சாயவில்லை.

பேச்சிமுத்து சட்டியோடு முன்னால் நடந்தார். சங்கு ஊதிக்கொண்டு போனது. ரேஷன் கடை, அதைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டி, அதைத் தாண்டி மெயின் ரோடு. வீட்டுக்குள்ளே யாரோ தண்ணீரை ஊற்றித் தரையைக் கழுவ ஆரம்பித்தார்கள்.

"உள்ள வா முத்துக்கனி. கையை இறக்குளா, எல்லாரும் பாக்காக," என்றாள் சங்கரம்மாள்.

மஞ்சள் சட்டைகள் மெயின் ரோட்டில் திரும்பும்வரை அவள் இறக்கவில்லை.